பேரில்லாத மீன்

1974ஆம் வருடம் ஜூன் 26. அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் ட்ராய் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில், கல்லாவுக்கு வந்த சூயிங்கம் பாக்கெட்டை எடுத்து ஒரு கண்ணாடியின் மேல் காட்டினார்கள். 'பீப்' என்றது மிஷின். விலை 67 சென்ட். பார்கோடு வைத்து விற்கப்பட்ட முதல் சரக்கு அதுதான் என்கிறது சரித்திரம்.

அதற்கப்புறம் சோப்பு, சீப்பு, ஊறுகாய், உள்ளாடை என்று எல்லாவற்றின் முதுகிலும் அந்தக் கறுப்புக் கோடுகள் ஏறிவிட்டன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருளைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டாம். கோட்டைக் காட்டினால் போதும், மற்றதை மிஷின் பார்த்துக்கொள்ளும்.

கனடாவில் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் என்று ஒரு விஞ்ஞானி. சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவே நடந்துபோகும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆயிரக்கணக்கான சரக்குகளைச் சில கோடுகளை வைத்துப் பிரித்துவிடுகிறார்களே, உலகத்தில் இருக்கிற ஜீவராசிகளையும் இப்படிப் பிரித்தால் என்ன? 2003ல் அவரும் கூட்டாளிகளும் அதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். டி.என்.ஏ. பார்கோடிங் பிறந்தது.

புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. இயற்கை ஏற்கெனவே ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. பத்தாம் கிளாஸில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். அதில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஜீனில், சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துகள்தான், மாறி மாறி வரும். ஒரே இனத்துக்குள் அந்த வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேறு இனம் என்றால் பெரும்பாலும் மாறிவிடும். மீனின் துடுப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு, பூச்சி என்றால் ஒற்றைக் கால். அது போதும். எழுத்துகளைப் படித்து, சேமித்து வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்னார் என்று சொல்லிவிடுவார்கள்.

நான் பி.காம். படித்தவன். எனக்கும் உயிரியலுக்கும் உள்ள உறவு அந்தப் பத்தாம் கிளாஸ் படத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் இந்தச் சமாச்சாரத்தைப் படித்ததும் எனக்குச் சட்டென்று புரிந்த ஒன்று உண்டு. இது ஸ்டாக் எடுக்கிற வேலை. மார்ச் 31ஆம் தேதி குடோனைத் திறந்து, மூட்டை மூட்டையாக எண்ணிப் பேரேட்டில் எழுதுகிறோமே, அதுவேதான்.

பூமி என்கிற குடோனின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் மிருகங்களுக்கு முறைப்படி இரட்டைப் பெயர் வைக்க ஆரம்பித்தார். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. செடி கொடி, மீன், பூச்சி எல்லாம் சேர்த்து இதுவரை பெயர் வைத்தது சுமார் 20 லட்சம் இனங்களுக்கு. 2011ல் வந்த ஒரு கணிப்புப்படி மொத்தம் இருப்பது 87 லட்சம் வரை. அதாவது, குடோனில் இருக்கும் சரக்கில் முக்கால்வாசிக்கு ரிஜிஸ்டரில் என்ட்ரியே கிடையாது. எந்த ஆடிட்டரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

அதிலும் ஆறு, ஏரி, குளம் இருக்கிறதே, அது பூமியின் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் உலகத்து மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் வாழ்கின்றன. பூச்சிகளைக் கேட்கவே வேண்டாம். நாம் பார்க்கிற தும்பி, பறக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் பழுப்பு நிறத்தில், வேறு எதுவோ மாதிரி கிடந்த ஜீவன். அடியில் கிடப்பதும் மேலே பறப்பதும் ஒரே ஆள்தான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல, அதிலேயே ஊறிய நிபுணர் வேண்டும். பார்கோடு சுலபமாகச் சொல்லிவிடும். ஆற்றங்கல்லைப் புரட்டி, அங்கே ஒட்டியிருக்கிற பூச்சிகளை வைத்து அந்தத் தண்ணீர் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

'சரி, இந்தப் பூச்சிக்கும் அந்தப் பூச்சிக்கும் வித்தியாசம் தெரிந்து எனக்கு என்ன ஆகணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நியூயார்க்கில் இரண்டு பள்ளிக்கூட மாணவிகள் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் மீன் துண்டுகளை வாங்கி, டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 2008ல் செய்தி வெளியே வந்தது. அடையாளம் தெரிந்த துண்டுகளில் கால்வாசி, சொல்லி விற்ற மீனே இல்லை. 'வெள்ளை டூனா' என்று விற்றது எதுவாக இருந்தது தெரியுமா? மொசாம்பிக் திலேப்பியா. அதாவது, நம் ஊர் ஏரிகளில் கிடைக்கிற சாட்சாத் ஜிலேபிக் கெண்டை! 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றைக்குக் கிராமத்துக் குட்டை வரை நிறைந்திருக்கும் அதே ஆசாமி, நியூயார்க்கில் வேறு பெயரில், வேறு விலைக்கு உட்கார்ந்திருக்கிறார்.

இது பாக்கெட் விவகாரம். உயிர் விவகாரமும் இருக்கிறது. மலேரியா பரப்பும் கொசுக்களில், கிராமப்புற இந்தியாவில் முக்கியமான ஒன்று அனாபிலஸ் க்யூலிசிஃபேசிஸ். பல காலம் ஒரே கொசு என்று நினைத்தார்கள். குரோமோசோம்களை ஆராய்ந்தபோதுதான் அது ஒன்றல்ல, ஒரே முகம் கொண்ட ஐந்து என்று தெரிந்தது. 'பி' என்கிற வகை மலேரியா பரப்புவதில் ஏறக்குறைய அப்பாவி. ஆனால் ராமேஸ்வரம் தீவில் 'பி' மாதிரியே இருந்துகொண்டு மலேரியாவைப் பரப்பிய இன்னொன்றை 1990களின் இறுதியில் கண்டுபிடித்து அதற்கு 'ஈ' என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஜாடை. ஒருவர் நிரபராதி, ஒருவர் குற்றவாளி. ஆள் தெரியாமல் மருந்து அடித்தால் காசும் போச்சு, காய்ச்சலும் போகவில்லை.

ஆகவே, யார் யார் என்று தெரிந்துகொள்வதில் நமக்கு லாபம் இருக்கிறது. இதில் சந்தேகமில்லை. என்னை உறுத்துகிற கேள்வி வேறு. நமக்கு லாபமும் இல்லாத, நஷ்டமும் இல்லாத ஒரு ஜீவன். அது காப்பாற்றப்பட வேண்டுமானால், அதற்கு ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டுமா?

'அதெப்படி சார், உயிர்தானே? பெயர் எதற்கு?' என்கிறது மனசு. காவிரியில் இருந்த ஒரு மீனின் கதை வேறு மாதிரி சொல்கிறது.

மஹ்சீர் என்பது கெண்டைக் குடும்பத்தில் ராஜா. காவிரியில் இருக்கும் மஹ்சீருக்கு ஆரஞ்சு நிறத் துடுப்பும் முதுகில் ஒரு திமிலும் உண்டு. 50 கிலோவுக்கு மேல் வளரும். 1946ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டது. இன்றுவரை தூண்டில்காரர்கள் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் காலத்திலிருந்து உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு காவிரிக்கு வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். புத்தகம் எழுதினார்கள்.

இவ்வளவு பிரசித்தி பெற்ற மீனுக்கு விஞ்ஞானத்தில் சரியான பெயர் கிடையாது! எங்கோ கிருஷ்ணா நதிப் பக்கத்து மீன் ஒன்றுக்கு 1839ல் வைத்த பெயரை இதன் தலையிலும் கட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் பொருந்தாது என்று பிறகு தெரிந்தது. கடைசியில் 'திமில் மஹ்சீர்' என்கிற பட்டப்பெயர்தான் மிச்சம்.

பெயர் சரியில்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று? போயிற்றே.

அணைகள், மணல் அள்ளுவது, தண்ணீருக்குள் வெடி வைத்து மீன் பிடிப்பது எல்லாம் சேர்ந்து மஹ்சீர் குறைய ஆரம்பித்தது. நல்ல மனசுக்காரர்கள் கவலைப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் செயற்கையாக மஹ்சீர்க் குஞ்சு பொரிக்கிறார்கள் என்று தெரிந்து, 1970களில் அதைக் கொண்டுவந்து காவிரியில் விட ஆரம்பித்தார்கள். வந்தது நீலத் துடுப்பு மஹ்சீர். வேறு இனம். ஆனால் ரேஷன் கடை ரிஜிஸ்டரில் தகப்பன் பெயர் எழுத மறந்த மாதிரி, இரண்டுமே 'மஹ்சீர்'தானே!

ஒரே தெருவில் இரண்டு முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உடம்பு சுகமில்லை. தெருவே சேர்ந்து நிதி திரட்டி, சத்தான சாப்பாடு, டானிக் எல்லாம் வாங்கி, அடுத்த முருகேசனுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அவர் தேறி, கொழுத்து, கடைசியில் நோயாளி முருகேசன் வீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்? காவிரியில் நடந்தது அதுதான். தூண்டில் முகாம் ஒன்றில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களின் குறிப்புகளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தார்கள். மொத்த மஹ்சீர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஆரஞ்சுத் துடுப்பு மட்டும் தனியாகப் பார்த்தால், இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

டோட்டலைப் பார்த்தால் லாபம். ஐட்டம் வாரியாகப் பார்த்தால் கடை திவால். கணக்குப் படித்த எனக்கு இந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. இது ஏமாற்று இல்லை, யாரும் திருடவில்லை. எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள். முகவரி தெரியாமல் செய்த நல்லது.

உலக அளவில் அழிந்துவரும் உயிரினங்களுக்குச் சிவப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஐ.யு.சி.என். என்ற அமைப்பு தயாரிக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறினால்தான் சட்டம், நிதி, ஆராய்ச்சி எல்லாம் சுலபத்தில் திரும்பிப் பார்க்கும். ஆனால் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் முறையான பெயர் வேண்டும். ரேஷன் கார்டு இல்லாதவனுக்கு அரிசி கிடையாது. அவன் பசியோடு இருக்கிறான் என்பது ஊருக்கே தெரிந்தாலும் கிடையாது. திமில் மஹ்சீர் கார்டு இல்லாமல் நின்றது.

2018ல் விடிவு வந்தது. காவிரியின் உபநதியான மாயாற்றில் பிடித்த மீன்களின் உடல் அமைப்பையும் டி.என்.ஏ.வையும் பொருத்திப் பார்த்தார்கள். பார்த்தால், அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது! 2007ல் கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்த சில இளம் மீன்களுக்கு டோர் ரேமாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீன் நிபுணர் ரேமா தேவியை கௌரவித்து வைத்த பெயர் அது. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில் சேர்கிறது. அந்தச் சின்ன மீன்கள் வளர்ந்தால்தான் இந்த ராட்சசன் என்று பதினொரு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. பெயர் உறுதியானது. அதே வருடம் 'மிக அபாய நிலையில் உள்ள இனம்' என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது.

கார்டு கிடைத்துவிட்டது. கிடைத்தபோது ஆள் கிட்டத்தட்ட ஐ.சி.யு.வில்.

இதை வைத்து 'பெயர் வை, எல்லாம் சரியாகிவிடும்' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எதிர்க்கட்சியும் பேசட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் ஒரு சின்ன மீன் உண்டு. உடம்பில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும். 1865ல் ஃபிரான்சிஸ் டே என்கிற ஆங்கிலேயர் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்துவிட்டார். நூற்றுச் சொச்சம் வருடம் அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. பிறகு அலங்கார மீன் வியாபாரிகள் கண்ணில் பட்டது. 'மிஸ் கேரளா' என்று செல்லப்பெயர். 1990களின் கடைசியில் வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு மவுசு வந்ததும், ஆறு ஆறாகச் சலித்து அள்ளினார்கள். அழகிப் பட்டம் கிடைத்த பிறகுதான் அந்த மீனுக்கு ஆபத்தே ஆரம்பித்தது. பெயர் வந்தால் பாதுகாப்பு மட்டும் வராது, விலையும் வரும். பார்கோடு பிறந்ததே கல்லாவில்தானே!

பூச்சிகள் விஷயத்தில் இன்னொரு சங்கடம். பூச்சிகளை எண்ணுவதற்குக் கூடாரம் மாதிரி ஒரு வலை கட்டுவார்கள். ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் கண்டுபிடித்தது. பறந்து வருகிற பூச்சி துணியில் முட்டி, மேலே ஏறி, உச்சியில் இருக்கும் சாராய பாட்டிலுக்குள் விழும். ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் இப்படிச் சேர்ந்த பாட்டில்களை எடை போட்டுத்தான், 27 வருடத்தில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017ல் சொன்னார்கள். உலகமே அதிர்ந்தது. அதைச் சொல்வதற்கும் பூச்சிகள் சாக வேண்டியிருந்தது. இப்போது ஒரு பாட்டில் பூச்சியை மொத்தமாகவே கரைத்து, டி.என்.ஏ.வைப் படித்து, உள்ளே எத்தனை இனம் என்று சொல்லிவிடலாம். காப்பாற்றுவதற்காகத் தெரிந்துகொள்கிறோம், தெரிந்துகொள்வதற்காகக் கொல்கிறோம். ஆற்று நீரை ஒரு பாட்டிலில் மொண்டு, அதில் மிதக்கிற டி.என்.ஏ.வை மட்டும் படித்து, மீனைத் தொடாமலேயே அதன் இருப்பைச் சொல்கிற முறையும் வந்திருப்பது கொஞ்சம் ஆறுதல்.

மூன்றாவது சங்கடம், பார்கோடே போதும் என்கிற மயக்கம். கடையில் மிஷின் 'பீப்' என்றதும் திரையில் 'துவரம் பருப்பு' என்று வருகிறது என்றால், யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து அந்த எண்ணுக்கு நேராகத் துவரம் பருப்பு என்று ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். ஏற்றாவிட்டால் எவ்வளவு ஒசத்தி மிஷினும் முழிக்கும். அப்படித்தான் இதுவும். எழுத்து வரிசை கிடைக்கும். அது யாருடைய வரிசை என்று சொல்ல, மீனைக் கையில் பிடித்துச் செதில் எண்ணத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். இன்னொன்று, இந்தப் பார்கோடு தாய்வழியாக மட்டும் வருவது. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மீனில் அப்பா யார் என்று அது சொல்லாது.

அந்த மனிதர் விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் ஏரியாவில் மீன் விற்கும் அம்மாவிடம் ஒருமுறை, "இது விரால்தானேம்மா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது குறவைப்பா. இதுகூட தெரியாம இன்னாத்த பேப்பர்ல எழுதுற?" என்றார். விரால், குறவை, கெளுத்தி, ஆரல், அயிரை, உளுவை என்று அவர் வாயில் ஒரு பேரேடே இருக்கிறது. அது எந்த கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அவருடைய அடுத்த தலைமுறை மொபைல் கடையில் வேலை பார்க்கிறது.

ஆக, பெயர் வைத்தால் வியாபாரி வருவான், வைக்காவிட்டால் அழிந்ததுகூடத் தெரியாது. எதைச் செய்வது?

பெயர் வைக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பெயர் மீனுக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை. நமக்கு நாமே மாட்டிக்கொள்கிற பொறுப்பு. மீனுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றும் இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. மாறுவது நம் நிலைமைதான். 2018க்கு முன்னால் காவிரியில் ஆரஞ்சுத் துடுப்பு அழிந்திருந்தால், 'ஏதோ மஹ்சீராம், நிறைய இருக்கே' என்று போயிருப்போம். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. யார் சாகிறார், எங்கே சாகிறார், எதனால் சாகிறார் என்று தெரிந்துவிட்டது. 'எனக்குத் தெரியாதே' என்கிற சௌகரியமான பதிலைப் பெயர் பிடுங்கிக்கொண்டுவிடுகிறது. தெரிந்தும் சும்மா இருந்தால் அதற்கு வேறு பெயர்.

சரி, பெயர் வைக்கப்படாத மிச்சம் லட்சக்கணக்கானவை? எவ்வளவு வேகமாக பார்கோடு படித்தாலும், வரிசையில் நின்றபடியே பல இனங்கள் போய்விடும். அவற்றுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்?

இதற்கு பதில் எனக்குத் தத்துவப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பி.காம். முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் கிடைத்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று சொல்லிக்கொடுப்பார்கள். வரப்போகிற லாபத்தை இப்போதே கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வாராக்கடன் ஒதுக்கீடு என்பது அதுதான். நூறு பேருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். எந்த நாலு பேர் ஏமாற்றுவார்கள் என்று தெரியாது. பெயர் தெரிகிற வரை காத்திருக்கிற வியாபாரி உண்டா? பெயர் தெரியாமலேயே தொகையை ஒதுக்கி வைப்பவன்தான் வியாபாரி.

ஒரு ஓடையை மூடி லே-அவுட் போடும்போது, ஒரு ஆற்றில் சாயக் கழிவைத் திறந்துவிடும்போது, 'அங்கே ஒண்ணுமே இல்லை சார், வெறும் தண்ணிதான்' என்கிறோம். அந்த வாக்கியம் உண்மையா என்று நமக்குத் தெரியாது. கல்லைப் புரட்டிப் பார்க்கவே இல்லையே! பார்க்காத ஸ்டாக்குக்கு 'நில்' என்று எழுதுகிற உரிமை எந்த குமாஸ்தாவுக்கும் கிடையாது. பெயர் தெரியாததை இல்லாதது என்று எழுதாமல், இருப்பது என்றே வைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரை, கொஞ்சம் கரையை, கொஞ்சம் நிழலை ஒதுக்கி வைக்க வேண்டும். பார்கோடு படிக்கிறவர்கள் அவர்கள் வேகத்தில் வரட்டும்.

அடுத்த முறை ஒரு ஏரிக்கரையில் நிற்கும்போது, குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். சட்டென்று இருட்டைத் தேடி ஓடுகிற ஏதோ ஒன்று இருக்கும். அதற்கு உங்களுக்குப் பெயர் தெரியாது. ஒருவேளை யாருக்குமே தெரியாது. பார்த்துவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள்.